வாசற்படி தாண்டாத நோயாளிப் பூனைக்குத் தடுப்பூசி: போடுவதா, தள்ளிப்போடுவதா?

"வீட்டை விட்டு இறங்கினதே கிடையாது. இப்போ கிட்னி வேற சரியில்லைன்னு சொல்லிட்டாங்க. இந்த நிலைமையில ஊசி தேவையா டாக்டர்?" புதுச்சேரியிலும் கடலூரிலும் வயதான பூனையைக் கூடையில் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. ஆனால் கேட்கும்போதே இரண்டு வேறு ஊசிகளை ஒன்றாகக் கட்டிவிடுகிறோம். ரேபிஸ் ஊசிக்கு ஒரு கணக்கு, ட்ரைகேட் ஊசிக்கு வேறு கணக்கு. இரண்டையும் பிரித்துவைத்துக்கொண்டு, நோயின் பெயரைப் பார்க்காமல் பூனையின் இன்றைய நிலையைப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இரண்டு ஊசிகள்

ட்ரைகேட் என்று எல்லோரும் சொல்லும் ஊசி மூன்று வைரஸ்களுக்கானது. முதலாவது பான்லூக்கோபீனியா. 'பூனை பார்வோ' என்று சொல்வார்களே, அதுதான். வாந்தி, பேதி, வெள்ளணுக்கள் சரிவு என்று குட்டிகளை இரண்டு மூன்று நாளில் கொண்டுபோய்விடும். மற்ற இரண்டும் ஹெர்பிஸ் வைரஸும் கேலிசி வைரஸும். தும்மல், கண்ணில் பீளை, வாய்ப்புண் என்று வரும் பூனைச் சளி இவற்றின் வேலை. நம் ஊரில் கிடைக்கும் ட்ரைகேட் மருந்துகளில் பெரும்பாலானவை வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸ் வகை. கொல்லப்பட்ட வைரஸ் வகையும் உண்டு. இந்த வேறுபாடு நோயாளிப் பூனைக்கு முக்கியம், கீழே வருகிறேன்.

ரேபிஸ் ஊசி முழுக்கக் கொல்லப்பட்ட வைரஸ். எவ்வளவு பலவீனமான பூனைக்குப் போட்டாலும் அந்த ஊசியால் ரேபிஸ் வராது. எதிர்ப்புச் சக்தி குறைந்த பூனைக்கு ஊசி சரியாகப் பிடிக்காமல் போகலாம், அவ்வளவுதான். நோய் வந்துவிட்டால் பூனைக்கும் வைத்தியம் இல்லை, அதை மடியில் வைத்துக் கொஞ்சும் மனிதருக்கும் வைத்தியம் இல்லை. இந்தியா முழுக்கத் தெருநாய்களிடம் இந்த நோய் சுற்றிக்கொண்டிருக்கும் வரை, ரேபிஸ் ஊசியை விட்டுவிடலாம் என்று சொல்ல மிகப் பெரிய காரணம் வேண்டும். ட்ரைகேட்டில் அப்படியில்லை. இடைவெளி விடலாம், சில பூனைகளுக்கு நிறுத்தியும் வைக்கலாம்.

வீட்டுக்குள் இருந்தால் எதுவும் வராதா?

பான்லூக்கோபீனியா வைரஸ் வீட்டுக்கு வர இன்னொரு பூனை தேவையில்லை. பூனையின் உடம்புக்கு வெளியே, தரையிலும் துணியிலும், ஒரு வருடம் வரை தாக்குப்பிடிக்கக்கூடியது. தெருவில் நோயுற்ற குட்டி கழிந்த இடத்தை மிதித்த செருப்பு வீட்டுக்குள் வந்தால் போதும். மீன் கடையில் பூனைகளுக்கு நடுவே வைத்து எடுத்த கூடையும், பக்கத்து வீட்டுக் குட்டியைத் தடவிய கையும் அதே வேலையைச் செய்யும். ஃபினாயில் ஊற்றித் துடைத்தோம், டெட்டால் போட்டோம் என்று நிம்மதி அடைய வேண்டாம். இந்த வைரஸ் இரண்டுக்கும் அசையாது. போதாக்குறைக்கு ஃபீனால் வகைப் பொருட்கள் பூனைக்கு விஷம். பாதத்தில் ஒட்டியதை நக்கியே உள்ளே இழுத்துக்கொள்ளும். வாசனையில்லாத சாதாரண பிளீச் திரவத்தில் 30 மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து, முதலில் சோப்புப் போட்டுக் கழுவிய தரையில் ஊற்றிப் பத்து நிமிடம் ஈரமாகவே விடுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட்டுப் பூனையை உள்ளே விடலாம்.

சளி வைரஸ்கள் அவ்வளவு தூரம் பயணிப்பதில்லை. புதுக் குட்டி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவரும்போதும், ஊருக்குப் போகையில் பூனையை விடுதியில் விடும்போதும்தான் பெரும்பாலும் வருகின்றன.

ரேபிஸ் விஷயத்தில் 'எங்கள் பூனை வெளியே போகாது' என்ற வாக்கியம் சாதாரண நாட்களுக்கு மட்டுமே பொருந்தும். இந்தக் கடற்கரையில் எல்லா நாளும் சாதாரண நாள் இல்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரை கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் வந்தது, அடுத்த நாட்களில் தென்பெண்ணை பெருக்கெடுத்துத் தெருக்களில் தண்ணீர் நின்றது. ஜன்னல் உடைந்து, கதவு திறந்துகிடந்து, வீட்டையே காலி செய்து முகாமுக்குப் போன நேரங்களில் பத்து வருடம் வாசலைத் தாண்டாத பூனை தெருவில் நிற்கும், அதே மேட்டில் நாய்களும் ஒதுங்கி நிற்கும். அந்த நேரத்தில் போய் ஊசி போட முடியாது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. ஊசி போடுவதாக முடிவெடுத்தால் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே முடித்துவிடுங்கள். செப்டம்பர் 28 உலக ரேபிஸ் தினம். அதையொட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் ரேபிஸ் ஊசி முகாம் நடத்துவதுண்டு. ஆனால் நாய்கள் வரிசை கட்டி நிற்கும் முகாமுக்கு இதய நோய் உள்ள பூனையைத் தூக்கிப் போகாதீர்கள். வேறொரு நாள் காலையில் போங்கள்.

பழைய புத்தகத்தைத் தேடி எடுங்கள்

முடிவு பெரும்பாலும் இந்தச் சின்னத் தடுப்பூசிப் புத்தகத்தில்தான் இருக்கிறது. குட்டியாக இருந்தபோது ட்ரைகேட் எத்தனை முறை போட்டார்கள், கடைசி ஊசி எந்த வயதில், அதற்குப் பிறகு ஒரு பூஸ்டர் போட்டார்களா, இவற்றைப் பாருங்கள். எட்டு வாரம் வாக்கில் தொடங்கி, 16 வாரம் முடிந்த பிறகு ஒரு ஊசியும், ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் இன்னொன்றும் விழுந்திருந்தால் அது நல்ல அடித்தளம். குட்டி ஊசிகள் 12 வாரத்தோடு நின்றுபோயிருந்தால் தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பணுக்கள் அவற்றை முறித்திருக்க வாய்ப்பு உண்டு. புத்தகத்தில் மூன்று ஸ்டிக்கர் இருந்தும் பூனைக்குப் பாதுகாப்பு இல்லாமல் போவது இப்படித்தான்.

அடித்தளம் சரியாக இருக்கும் வீட்டுப் பூனைக்கு ட்ரைகேட்டை மூன்று வருடத்துக்கு ஒருமுறை போட்டால் போதும் என்பதுதான் உலகச் சிறுபிராணி கால்நடை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல். வருடாவருடம் போடச் சொல்வது விடுதிக்குப் போகும் பூனைகளுக்கும், பல பூனைகள் வந்துபோகும் வீடுகளுக்கும்தான். ஆகவே பத்து வயதுப் பூனை, முந்தைய ஊசிகள் ஒழுங்காக இருக்கின்றன, கடைசி ட்ரைகேட் போட்டு ஒன்றரை வருடம், இப்போது சிறுநீரக நோய் என்றால் இந்த வருடம் ட்ரைகேட் வேண்டாம் என்று சொல்வதில் தயக்கமே தேவையில்லை. ரேபிஸை மருந்தின் லேபிளில் உள்ள இடைவெளிப்படி தொடருங்கள். முதல் ஊசிக்கு ஒரு வருடம் கழித்து அடுத்தது கட்டாயம். அதன் பிறகு சில மருந்துகளுக்கு ஒரு வருடம், சிலவற்றுக்கு மூன்று வருடம்.

புத்தகமே இல்லை, தெருவிலிருந்து எடுத்து வளர்த்த பூனை என்றால்? வளர்ந்த பூனைக்கு உயிருள்ள ட்ரைகேட் ஒரு தவணையிலேயே பான்லூக்கோபீனியாவுக்கு நல்ல பாதுகாப்பு தந்துவிடும். சளி வைரஸ்களுக்கு மட்டும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் இரண்டாவது தவணை வேண்டும். ஊசிக்குப் பதிலாக ரத்தத்தில் எதிர்ப்பணு பார்க்கும் டைட்டர் சோதனை பற்றியும் கேட்பார்கள். பான்லூக்கோபீனியாவுக்கு அந்தச் சோதனை நம்பத்தகுந்தது. எதிர்ப்பணு இருந்தால் பாதுகாப்பு இருக்கிறது. ஹெர்பிஸுக்கும் கேலிசிக்கும் அந்த எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ரேபிஸ் டைட்டர் வெளிநாடு கொண்டுபோகும் பூனைகளுக்கானது, ஊசிக்கு மாற்று ஆகாது.

இரண்டு வாரம் எழுதிவையுங்கள்

'நிலையாக இருக்கிறது' என்ற சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. எங்கள் கணக்கில் நிலையான பூனை என்றால்: ஒரு மாதமாக மருந்தின் அளவு மாறவில்லை, எடை இறங்கவில்லை, வழக்கம்போலச் சாப்பிடுகிறது, காய்ச்சல் இல்லை. இதை மனக்கணக்கில் சொல்லாமல் எழுத்தில் கொண்டுபோங்கள்.

எடை: பூனை தராசில் நிற்காது. முதலில் நீங்கள் தனியாக நின்று குறித்துக்கொள்ளுங்கள், பிறகு தூக்கிக்கொண்டு நில்லுங்கள், கழியுங்கள். இந்த முறையில் 100, 200 கிராம் பிசகும். சாமான் தொங்கவிட்டு எடை பார்க்கும் கைத்தராசில் பூனைக் கூடையோடு மாட்டிப் பார்ப்பது இதைவிடத் துல்லியம். வாரம் இரண்டு முறை, ஒரே நேரத்தில். நான்கு கிலோ பூனை ஒரு மாதத்தில் 400 கிராம் இறங்கியிருந்தால் தடுப்பூசிப் பேச்சை நிறுத்திவிட்டு, ஏன் இளைக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

மூச்சு: பூனை நன்றாகத் தூங்கும்போது, ஃபேனை நிறுத்தி, பக்கவாட்டில் உட்கார்ந்து விலாவைப் பாருங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. செல்போனில் 30 விநாடி வைத்து எண்ணி இரண்டால் பெருக்குங்கள். பதினைந்து முதல் முப்பதுக்குள் இருந்தால் சரி. ஆழ்ந்த தூக்கத்திலும் முப்பதைத் தாண்டுவது இரண்டு மூன்று முறை தொடர்ந்தால் இதயம் அல்லது நுரையீரல் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம், ஊசிக்காகக் காத்திருக்காமல் உடனே காட்டுங்கள்.

ஈரம்: மேலுதட்டைத் தூக்கி ஈறைத் தொடுங்கள். வழுவழுவென்று ஈரமாக இருக்க வேண்டும். விரல் ஒட்டினால் உடம்பில் தண்ணீர் குறைவு. விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். பிடரித் தோலை இழுத்துப் பார்ப்பது வயதான, இளைத்த பூனைகளிடம் தப்புக் கணக்குக் காட்டும், ஈறையே நம்புங்கள்.

மணல் பெட்டியில் ஒரு நாளைக்கு எத்தனை கட்டி, எவ்வளவு பெரிது என்றும் குறியுங்கள். கட்டிகள் திடீரென்று பெரிதானால் சிறுநீரகமோ சர்க்கரையோ நிலை மாறுகிறது என்று பொருள். கடற்கரை மணல் போட்டிருந்தால் கட்டி தெரியாது. இந்த இரண்டு வாரமாவது கட்டிபிடிக்கும் மணல் வாங்கிப் போடுங்கள்.

நோய் வாரியாக

சிறுநீரகம். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் 1.6 முதல் 2.8 மி.கி./டெ.லி. வரை இரண்டாம் நிலை, 2.9 முதல் 5 வரை மூன்றாம் நிலை, அதற்கு மேல் நான்காம் நிலை. உடம்பில் நீர் சரியாக இருக்கும்போது எடுத்த ரத்தத்துக்குத்தான் இந்த எண்கள் பொருந்தும். இரண்டாம் நிலையில் நன்றாகச் சாப்பிட்டு விளையாடும் பூனைக்கு ரேபிஸ் போடலாம், தேவையான தவணை என்றால் ட்ரைகேட்டும் போடலாம். மூன்றாம் நிலையில் ரேபிஸ் மட்டும், அதுவும் நல்ல நாளாகப் பார்த்து. நான்காம் நிலையில் வாந்தியும் பசியின்மையுமாக இருக்கும் பூனைக்கு எந்த ஊசியும் வேண்டாம் என்பது எங்கள் கருத்து. அதற்கு மீதி இருக்கும் நாட்கள் நிம்மதியாகக் கழிய வேண்டும்.

தடுப்பூசியே சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்ற பேச்சுக்கும் ஓர் அடிப்படை உண்டு. ட்ரைகேட் மருந்துகளில் பலவற்றின் வைரஸ்களைப் பூனைச் சிறுநீரகச் செல்களில் வளர்க்கிறார்கள். அதனால் ஊசி போட்ட சில பூனைகளின் ரத்தத்தில் சிறுநீரகப் புரதங்களுக்கு எதிரான எதிர்ப்பணுக்கள் தென்பட்டன. அடிக்கடி ஊசி போட்ட பூனைகளில் சிறுநீரக நோய் கூடுதலாகத் தெரிந்ததாக ஓர் ஆய்வும் சொன்னது. ஊசிதான் காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை. ட்ரைகேட்டை வருடாவருடம் போடாமல் மூன்று வருட இடைவெளி விட இது இன்னொரு காரணம், ஊசியையே ஒதுக்க இது காரணமாகாது.

வீட்டில் தோலுக்கடியில் ட்ரிப் ஏற்றும் பூனையாக இருந்தால் ஒரு விஷயம்: தண்ணீர் ஏற்றும் இடத்தில் ஊசி போட விடாதீர்கள். இரண்டும் ஒரே இடத்தில் என்றால் பிறகு அங்கே வீக்கம் வந்தால் எதனால் என்று பிரித்துச் சொல்ல முடியாது. ட்ரிப்பை முந்தைய நாளே கொடுத்துவிட்டுப் போங்கள்.

சர்க்கரை. இன்சுலின் அளவு நிலைபெற்ற பிறகுதான் ஊசி. இங்கே ஆபத்து ஊசியில் இல்லை, ஊசிக்கு அடுத்த வேளையில் இருக்கிறது. ஊசி போட்ட நாளில் பல பூனைகள் சோர்ந்து சாப்பிடாமல் படுத்துவிடும். சாப்பிடாத பூனைக்கு வழக்கமான இன்சுலினை முழுதாக ஏற்றினால் சர்க்கரை தாழ்ந்து, தள்ளாடி, வலிப்பு வரை போகும். 'சாயங்காலம் சாப்பிடாவிட்டால் எத்தனை யூனிட்?' என்ற கேள்விக்கு டாக்டரிடம் எண்ணாகப் பதில் வாங்கி எழுதிக்கொள்ளாமல் வெளியே வராதீர்கள். தள்ளாட்டம் தெரிந்தால் தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ ஈறில் தடவிக்கொண்டே டாக்டரைக் கூப்பிடுங்கள். வாய்க்குள் ஊற்றாதீர்கள், புரையேறும். காலை உணவும் இன்சுலினும் முடித்து, அது வழக்கமாகத் தின்னும் உணவைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். இன்னொன்று: பயந்த பூனைக்கு மருத்துவமனையில் சர்க்கரை தாறுமாறாக ஏறிக் காட்டும். அந்த ஒரு எண்ணை வைத்து இன்சுலினைக் கூட்டக் கூடாது.

ஸ்டீராய்டு தின்னும் பூனைகள். வீசிங், குடல் அழற்சி, தீராத வாய்ப்புண் ஆகியவற்றுக்குப் பிரெட்னிசலோன் கொடுப்பார்கள். உங்கள் பூனைக்கு ஒரு நாளைக்கு மொத்தம் எத்தனை மில்லிகிராம் போகிறது என்று பார்த்து எடையால் வகுங்கள். கிலோவுக்கு அரை மி.கி., ஒரு மி.கி. என்றால் அழற்சியை அடக்கும் அளவு. பெரும்பாலும் ஊசிக்குத் தடையில்லை. கிலோவுக்கு இரண்டு மி.கி., அதற்கு மேல் என்றால் எதிர்ப்புச் சக்தியையே அடக்கும் அளவு. அந்த நேரத்தில் உயிருள்ள ட்ரைகேட் போடக் கூடாது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் இன்னொரு மருந்தான சைக்ளோஸ்போரின் கொடுத்தாலும் அப்படியே. மருந்தை நிறுத்தி அல்லது குறைத்து, குறைந்தது இரண்டு வாரம் கழித்துப் போடலாம். ஊசிக்காக நீங்களாக ஸ்டீராய்டை நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் பூனை படுத்துவிடும்.

இங்கே பலர் தவறவிடுவது 'ஒரு மாசம் தாங்கும்' என்று போடும் டெப்போ ஊசி. மாத்திரை எதுவும் இல்லை என்று நீங்கள் சொல்வீர்கள், ஆனால் மூன்று வாரத்துக்கு முன் வேறு இடத்தில் போட்ட ஸ்டீராய்டு இன்னும் உடம்பில் வேலை செய்துகொண்டிருக்கும். பழைய சீட்டுகள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள்.

எஃப்ஐவி (பூனையின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் வைரஸ்) பாசிட்டிவ் பூனை நன்றாக இருக்கும்போது ஊசி போட்டுக்கொள்ளலாம். கொல்லப்பட்ட ட்ரைகேட் கிடைக்குமா என்று கேளுங்கள், அதற்கு அதுதான் ஏற்றது. தைராய்டு மிகைப்பு மருந்தில் கட்டுக்குள் வந்துவிட்டால் தடையில்லை. தன் ரத்த அணுக்களையே உடம்பு அழிக்கும் நோய் முன்பு வந்திருந்தால் அத்தியாவசியமில்லாத எந்த ஊசியும் வேண்டாம், ரேபிஸையும் டாக்டரோடு உட்கார்ந்து யோசித்தே முடிவு செய்ய வேண்டும். முன்பு ஊசி போட்டு முகம் வீங்கியது, மூச்சு திணறியது என்றாலும் இதே பேச்சுதான். ஹெர்பிஸால் கண் வழியும் பூனைக்கு ஊசி அந்த நோயைத் தீர்க்காது. அந்த எதிர்பார்ப்போடு போடாதீர்கள்.

இதயத் தசை தடித்த பூனைக்குப் பயணமும் பயமும்தான் ஊசியைவிடப் பெரிய ஆபத்து. வீட்டுக்கு வந்து போடும் டாக்டர் கிடைத்தால் அவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் ஒரே இடத்தில் பார்க்க வேண்டிய சிக்கலான பூனை என்றால் புதுச்சேரி குருமாம்பேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. கடலூரிலிருந்து பஸ்ஸில் பூனையோடு போவதைவிடக் கார் வைத்துக்கொள்வது நல்லது.

போகும் நாள்

கூடையை ஒரு வாரத்துக்கு முன்பே கூடத்தில் திறந்துவையுங்கள். பழைய துண்டு விரித்து அதில் சோறு வையுங்கள். பரணிலிருந்து அன்று காலை இறக்கும் கூடைக்குள் எந்தப் பூனையும் போகாது. மேல்மூடி கழற்றக்கூடிய கூடையாக இருந்தால் டாக்டர் பூனையை வெளியே இழுக்காமலே பார்க்கலாம். வெயில் ஏறும் முன் முதல் ஆளாகப் போய்விடுங்கள். ஆட்டோவில் கூடையைத் துணியால் மூடி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். மிகவும் பயப்படும் பூனைக்கு முன்கூட்டியே பயத்தைத் தணிக்கும் கபாபென்டின் மருந்து கொடுக்கலாமா என்று கேளுங்கள். புறப்பட இரண்டு மணி நேரத்துக்கு முன் கொடுப்பார்கள். அது சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து, ஆகவே கிட்னி நோய்ப் பூனைக்கு அளவைக் குறைக்க வேண்டும் என்பதை நீங்களே நினைவுபடுத்துங்கள்.

முதலில் காய்ச்சல் பார்க்கச் சொல்லுங்கள். 100.4 முதல் 102.5 ஃபாரன்ஹீட் வரை இயல்பு. அதற்கு மேல் இருந்தால் வீடு திரும்புங்கள். இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று போட்டுக்கொண்டு வரும் ஊசிதான் பெரும்பாலும் வினையாகிறது.

மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். புயலுக்குப் பிறகு இரண்டு நாள் கரண்ட் இல்லாத தெருவில் உள்ள மெடிக்கலில் வாங்கி, பாலித்தீன் பையில் கொண்டுபோகும் ஊசியை நம்ப முடியாது. அது தண்ணீருக்குச் சமம், புத்தகத்தில் மட்டும் ஸ்டிக்கர் இருக்கும். ஃப்ரீசரில் வைத்த ரேபிஸ் மருந்தும் கெட்டுப்போனதுதான். ஜெனரேட்டரோ இன்வெர்ட்டரோ உள்ள, ஃபிரிட்ஜில் தெர்மாமீட்டர் வைத்திருக்கும் மருத்துவமனையிலேயே மருந்தையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

போடும்போது கவனியுங்கள். உயிருள்ள ட்ரைகேட் இரண்டு குப்பிகளாக வரும். ஒன்றின் அடியில் வெள்ளை வில்லை போல உலர்ந்த மருந்து, இன்னொன்றில் ஒரு மில்லி தண்ணீர் போன்ற கரைப்பான். கரைப்பானை ஊசியில் இழுத்து வில்லையில் விட்டு, மெதுவாக உருட்டிக் கலந்து, உடனே போட வேண்டும். காலையிலேயே கலந்து வைத்ததை வாங்காதீர்கள். குப்பியிலிருந்து ஸ்டிக்கரை உரித்துப் புத்தகத்தில் ஒட்டும்போது காலாவதித் தேதியையும் பேட்ச் எண்ணையும் பாருங்கள். சின்னப் பூனை, நோயாளிப் பூனை என்பதற்காகப் பாதி மருந்து போடச் சொல்லாதீர்கள். பாதி மருந்துக்குப் பாதிப் பாதுகாப்பு கிடைக்காது. எதுவுமே கிடைக்காமல் போகலாம்.

இரண்டு ஊசியும் வேண்டும் என்றால் நோயாளிப் பூனைக்கு ஒரே நாளில் வேண்டாம். ரேபிஸ் முதலில், மூன்று நான்கு வாரம் கழித்து ட்ரைகேட். இரண்டு வாரத்துக்கும் குறைவான இடைவெளி கூடாது.

எங்கே போடுவது என்பதை முன்பே பேசிக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் பழக்கம் பிடரியில் போடுவது. பூனைகளில் மிக அரிதாக, பத்தாயிரம் ஊசிக்கு ஒன்று என்ற அளவிலோ அதைவிடக் குறைவாகவோ, ஊசி போட்ட இடத்தில் புற்றுக்கட்டி வரும். பிடரியில் வந்தால் முழுதாக வெட்டி எடுக்க இடமே இல்லை. காலில் வந்தால் காலை எடுத்தாவது உயிரைக் காப்பாற்றலாம். அதனால் ரேபிஸை வலது பின்னங்காலில் முழங்காலுக்குக் கீழும், ட்ரைகேட்டை வலது முன்னங்காலில் முழங்கைக்குக் கீழும் போடும் முறை வந்தது. "சார், பின்னங்கால்ல கீழே போட முடியுமா? நான் பிடிச்சுக்கறேன்" என்று கேளுங்கள். எந்த ஊசி எந்தக் காலில் என்று புத்தகத்தில் எழுதி வாங்குங்கள்.

ஊசிக்குப் பிறகு

அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். திடீர் வாந்தி, பேதி, வாயைத் திறந்து மூச்சு விடுவது, முகம் வீங்குவது, ஈறு வெளுப்பது, துவண்டு விழுவது, இவற்றில் எது தெரிந்தாலும் அதே டாக்டரிடம் ஓடுங்கள். இது நிமிடக் கணக்கு.

வீட்டுக்கு வந்தபின் ஒன்றிரண்டு நாள் சோர்வு, லேசான காய்ச்சல், ஊசி போட்ட காலைத் தூக்கி நடப்பது எல்லாம் சகஜம். காய்ச்சலுக்கு என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலில் ஒரு துண்டைக்கூடக் கொடுத்துவிடாதீர்கள். மனிதருக்கும் குழந்தைக்கும் கொடுக்கும் அந்த மாத்திரையும் சிரப்பும் பூனையின் ரத்தத்தையே செயலிழக்கச் செய்யும். ஈறு பழுப்பாக மாறிச் செத்துப்போகும். ஒரு நாள் முழுக்க வாயில் எதுவும் படவில்லை என்றால் மறுநாள் காலையே காட்டுங்கள். பூனை பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு படிந்து புது நோய் ஒன்று தொடங்கிவிடும், குண்டுப் பூனைக்கு இன்னும் வேகமாக. மீன் வேகவைத்த தண்ணீரை வெதுவெதுப்பாக, உப்பும் வெங்காயமும் பூண்டும் இல்லாமல் கொடுத்துப் பாருங்கள். சங்கரா, கிழங்கான் எதுவானாலும் வாசனைக்கு எழுந்து வந்துவிடும் பூனைகள் நிறைய.

ஊசி போட்ட இடத்தில் பட்டாணி அளவு கட்டி வந்து இரண்டு மூன்று வாரத்தில் கரைவது வழக்கம். மாதம் ஒருமுறை அந்தக் காலைத் தடவிப் பாருங்கள். மூன்று மாதம் ஆகியும் கரையவில்லை, இரண்டு செ.மீ.க்கு மேல் இருக்கிறது, ஒரு மாதத்துக்குப் பிறகும் வளர்ந்துகொண்டே போகிறது, இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும். முழுதாக வெட்டி எறிவதற்கு முன் சின்னத் துண்டு எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். என்னவென்று தெரியாமல் மேலாக வெட்டினால் புற்று வேரோடு திரும்ப வரும்.

இந்த வருடம் வேண்டாம் என்று முடிவெடுத்தால்

அதையும் புத்தகத்தில் தேதியோடு, காரணத்தோடு எழுதச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டிய நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். செருப்பு வாசலுக்கு வெளியே இருக்கட்டும். ஜன்னல்களுக்குக் கொசுவலையைவிடக் கெட்டியான கம்பிவலை அடியுங்கள். தெருக் குட்டிக்குச் சோறு வைத்தால் தனித் தட்டு, தனித் துணி, கை கழுவிவிட்டு உள்ளே வாருங்கள். புதுக் குட்டியைக் கொண்டுவந்தால் இரண்டு வாரம் தனி அறை, அதற்குத் தனி மணல் பெட்டி. புதுக் குட்டிக்கு ஊசி கட்டாயம் போடுங்கள், அது நோயாளிப் பூனைக்கும் சேர்த்துத்தான். புயல் எச்சரிக்கை வந்தவுடன் பூனையைக் கூடையோடு ஓர் அறைக்குள் அடைத்துவிடுங்கள், காற்று ஆரம்பித்த பிறகு கட்டிலுக்கடியில் கையை நீட்டித் தேட முடியாது.

ஊசி போடாத பூனை, அல்லது போட்டதா என்று தெரியாத பூனை கடித்தாலோ ரத்தம் வரப் பிறாண்டினாலோ அந்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் குழாய்த் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, எண்ணெய் எதுவும் வைக்காதீர்கள். கடலூர் அரசு தலைமை மருத்துவமனை, புதுச்சேரி இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனை, ஜிப்மர் எது பக்கமோ அங்கே அன்றைக்கே போங்கள். மனிதருக்கான ரேபிஸ் தடுப்பூசியைத் தோலில் போடும் முறையில் முதல் நாள், பிறகு 3, 7, 28ஆம் நாள் என்று நான்கு முறை வரச் சொல்வார்கள். மூன்று ஊசியோடு வலி போய்விட்டது என்று நிறுத்தாமல் 28ஆம் நாளும் போய்ப் போட்டுக்கொள்ளுங்கள்.